மலைவண்டி வீதிக்கு வந்த கதை

எமது வீட்டின் பின்பத்தியில் ஒரு துவிச்சக்கரவண்டி ஒன்பது ஆண்டுகளாகப் பழஞ்சேலை ஒன்றினால் போர்த்தப்பட்டு நின்றது. அது எம்முடையதன்று, எமது தம்பியினுடையது. 2010 ஆம் ஆண்டில், ஏ9 பாதை திறந்து தெற்கிலிருந்து பொருள்கள் வரத் தொடங்கிய காலத்தில், தன் முதற் சம்பளங்களைச் சேர்த்து அவன் வாங்கிய மலைவண்டி. கட்டை கட்டையாகப் பல் வைத்த தடித்த ரயர்கள், முன்புறம் சுருள்வில் பூட்டிய கவை, இருபத்தொரு கியர்கள். குடாநாட்டில் ஏறுவதற்கு ஒரு குன்றுதானும் இல்லை என்று நாம் அப்பொழுது நகையாடினோம். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. 2013 இல் அவன் கனடாவுக்குப் புறப்பட்டான். அவன் விமானம் ஏறிய வாரத்திலேயே அம்மா தம் சேலையொன்றை எடுத்து வண்டியின்மேல் போர்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவும்போது அந்தச் சேலையை உதறித் திரும்பப் போர்ப்பதும் அவரது வேலைகளுள் ஒன்றாயிற்று.

பின்னர் 2022 ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டின் அல்லல்களை வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. யூன் மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைத்தபாடில்லை. எமது மோட்டார் சைக்கிள் இரண்டு நாள் வரிசையில் நின்றது; மூன்றாம் நாள் நாம் அதை உருட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். நீர்வேலியிலிருந்து பட்டினத்திலுள்ள எமது கல்லூரிக்குப் பருத்தித்துறை வீதி வழியே ஒன்பது கிலோமீற்றர் அளவில் இருக்கும். சைக்கிள் வாங்குவோமென்றால், ஊரெல்லாம் அதே எண்ணத்துடன் கடைகளை மொய்த்துக்கொண்டிருந்தது. விலையைக் கேட்டதும் வாசலிலேயே திரும்பினோம்.

அன்று மாலை பின்பத்திக்குச் சென்று சேலையை நீக்கினோம். காற்றுப்போன ரயர்கள் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தன. செயின் கறள் பிடித்திருந்தது. ஆனால் சட்டகம் ஒரு கீறலுமின்றி இருந்தது. பெற்றோல் வரிசையில் நின்ற இரு நாளும் தோன்றாத ஓர் எண்ணம் அப்பொழுது தோன்றியது: இந்த மலைவண்டியை ஏன் ஒரு வீதிவண்டியாக மாற்றக்கூடாது?

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அவன் வந்தால் எதிலை ஓடுவான்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு நாம் விடை சொல்லவில்லை. இரவு தம்பியைத் தொலைபேசியில் அழைத்தோம். அவன் சற்றுநேரம் பேசாதிருந்தான். "அண்ணை, நீங்கள் கழட்டுங்கோ. அம்மாட்டை நான் சொல்லுறன். ஆனா பெயின்ற் மட்டும் அடிச்சுப் போடாதேங்கோ" என்றான். அவன் தாயாரோடு என்ன பேசினானோ அறியோம். மறுநாட் காலை சேலை துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

மலைவண்டியை வீதியில் ஓட்டினால் அது பாரமாக உருளுவதற்குப் பலரும் அதன் நிறையையே காரணம் கூறுவர். அது பாதி உண்மைதான். பெரிய குற்றவாளி ரயரே. மண்ணையும் சேற்றையும் பற்றுவதற்காகவே அமைந்த அந்த இறப்பர்ப் பற்கள், தார்வீதியில் உருளும்போது ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்கின்றன. காலால் நாம் கொடுக்கும் சக்தியின் ஒரு பகுதி அந்த மடங்கலிலேயே வீணாகிறது. வண்டி ஓடும்போது எழும் 'ஊம்' என்ற ஓசை அந்த வீணாதலின் குரல்தான். ஆகவே முதலில் வழுவழுப்பான, ஒடுங்கிய ரயர் வாங்க வேண்டும் என்று தீர்மானித்தோம். இவ்விடத்திலேயே எமது படிப்பு எம்மைக் கைவிட்டது.

பழைய ரயரில் 26 × 1.95 என்று பொறித்திருந்தது. ஆகவே இருபத்தாறு அங்குலத்தில் ஒடுங்கியதாக ஒன்றைக் கேட்டு, 26 × 1⅜ என்று பொறித்த சோடியொன்றை வாங்கிவந்தோம். மாலை முழுவதும் முற்றத்தில் இருந்து போராடினோம். ரயர் றிம்மில் ஏறிற்று. ஏறியது மாத்திரமன்றி, பெரியவரின் சட்டையைச் சிறுபிள்ளைக்கு இட்டதுபோலத் தொளதொளவென்று சுற்றிவந்தது. மறுநாள் சந்தியிலுள்ள சைக்கிள் திருத்துநரிடம் சென்றோம். எமது தந்தையாரின் வண்டிக்கும் கை வைத்தவர் அவர். எழுபதைக் கடந்த முதியவர். ரயரைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"மாஸ்ரர், இது பொம்பிளைச் சைக்கிள் ரயரெல்லே! ரெண்டும் இருவத்தாறுதான். ஆனா இது வெள்ளைக்காரன்ரை இருவத்தாறு, உங்கடை சில்லு அமெரிக்காக்காரன்ரை இருவத்தாறு."

அவர் சொன்னது முற்றிலும் சரி. ரயர் விளிம்பு அமரும் இடத்தில் றிம்மின் விட்டத்தை அளந்தால் ஆங்கிலேய 26 × 1⅜ ரயருக்கு 590 மில்லிமீற்றர். மலைவண்டிக்கோ 559 மில்லிமீற்றர். இரண்டுக்கும் 31 மில்லிமீற்றர் வேறுபாடு. இருபத்தாறு என்பது றிம்மின் அளவன்று. அக்காலத்தில் காற்றடித்த ரயரின் வெளிவிட்டத்தை ஏறத்தாழக் குறித்த பெயர் மாத்திரமே. இன்னுமொரு வேடிக்கை உண்டு. 26 × 1.5 என்று தசமத்தில் எழுதினால் அது 559 றிம்முக்கு உரியது. 26 × 1½ என்று பின்னத்தில் எழுதினால் அது 584 றிம்முக்கு உரியது! ஒன்றரையும் ஒன்று தசம் ஐந்தும் ஒன்றென்று இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவந்த எமக்கு அன்று ஏற்பட்ட நாணத்தை என்னென்போம்! இக்காலத்து ரயர்களின் பக்கத்தில் 40-559 என்பதுபோன்ற ஓர் இலக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். முன்னது அகலம், பின்னது றிம்மின் விட்டம். கடைக்குச் செல்பவர் அந்தப் பின் இலக்கத்தை மாத்திரம் எழுதிக்கொண்டு செல்வாராயின் எம்மைப்போல அலைய நேராது.

இந்த 559 எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடிப் படித்தோம். அமெரிக்காவின் சுவின் கம்பனியார் 1933 ஆம் ஆண்டில் பிள்ளைகளின் சைக்கிளுக்காக அறிமுகஞ்செய்த 26 × 2.125 தடித்த ரயரே இதற்கு மூலம். செய்தித்தாள் போடும் சிறுவர்கள் அவ்வண்டிகளை ஓட்டினார்கள். நாற்பது ஆண்டுகள் சென்றபின், 1970களில், கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர் சிலர் பழைய சாமான் கொட்டில்களிலே கிடந்த அந்த வண்டிகளை மலிவாக வாங்கி, வேண்டாதவற்றைக் கழற்றி எறிந்து, தமல்பாயிஸ் மலைச்சாரலின் மண்பாதைகளில் இறக்கினார்கள். 1976 ஒக்ரோபரில் அவர்கள் தொடங்கிய ஓட்டப் போட்டிக்கு 'றீபக்' என்று பெயர். பின்சில்லின் அச்சுக்குள்ளிருக்கும் பிறேக் இறக்கத்தில் சூடேறி, அதிலுள்ள கிறீஸ் முழுவதும் புகையாகப் போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் மீண்டும் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தமையால் வந்த பெயர் அது. 1977 இல் ஜோ பிறீஸ் என்பார் இதற்கெனத் தனிச் சட்டகம் செய்தார். 1979 இல் கரி பிஷரும் சார்லி கெலியும், டொம் ரிச்சி செய்த சட்டகங்களைக் கொண்டு, இதை ஒரு வியாபாரமாக்கினர். ஆக, மலைவண்டி என்பதே யாரோ கைவிட்ட வீதிவண்டியைக் கழற்றிப் பூட்டிப் பிறந்ததுதான். அதை நாம் திரும்ப வீதிக்குக் கொண்டுவருவதில் பாவமொன்றுமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

சரியான ரயர் கிடைக்க மூன்று வாரங்கள் சென்றன. 26 × 1.5, நடுவில் வழுவழுப்பாகவும் ஓரத்தில் மெல்லிய கீற்றுகளுடனும். பழைய ரயரில் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் காற்றே போதுமாயிருந்தது. இதற்கு 60 இறாத்தல். முற்றத்திலிருந்து படலைவரை ஓட்டியபோதே வேறுபாடு தெரிந்தது. ஊம் என்ற ஓசை நின்றுவிட்டது.

முன்கவையின் சுருள்வில் கறள்கட்டி இறுகியிருந்தது. அது வேலை செய்தாலும் எமக்கு வேண்டாததே. எழுந்து மிதிக்கும்போதெல்லாம் முன்புறம் தலையாட்டும். திருத்துநர் வேறொரு மலைவண்டியிலிருந்து கழற்றிய சாதாரண உருக்குக் கவையொன்றை எடுத்து வந்தார். இதிலும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய சைக்கிள்களின் கவைத்தண்டு ஒரு அங்குல விட்டம். மலைவண்டிகளுக்குப் பெரும்பாலும் 1⅛ அங்குலம். அன்றியும், வில்லுக்கவையைவிடச் சாதாரணக் கவை மிகக் குட்டையாக இருந்தால், வண்டியின் முகம் தாழ்ந்து ஹாண்டில் சொற்கேளாது துள்ளும். எமக்குக் கிடைத்தது ஒரு விரலளவே குட்டை. அதனால் குறையொன்றும் நேரவில்லை.

இனிக் கியர் விடயம். முன்னே மூன்று பற்சில்லுகள்: 28, 38, 48 பற்கள். பின்னே ஏழு: 14 முதல் 28 வரை. எமது தெருவில் இருபத்தொரு வகை மேடு பள்ளம் ஏது? முன்னே நடுச்சில்லை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினோம். பெரிய சில்லு இருந்த இடத்திற் பல்லில்லாத வளையம் ஒன்றைப் பூட்டினோம். காற்சட்டையின் கரை செயினில் அகப்படாது. முன் கியர் மாற்றியைக் கழற்றி எறிய முனைந்தபோது திருத்துநர் தடுத்தார். கம்பியை நீக்கி, அதை நடுச்சில்லின்மேல் அசையாது இறுக்கிவிட்டால், குலுக்கலில் செயின் விழாமல் அதுவே காவல் நிற்கும் என்றார். அவ்வாறே செய்தோம், இன்றுவரை செயின் ஒருமுறையும் விழவில்லை.

எமது தந்தையாரின் றலி சைக்கிளைப்பற்றி இங்கே கூறவேண்டும். 1990 முதல் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத ஆண்டுகளில் எமது குடும்பத்தைச் சுமந்தது அவ்வண்டிதான். மின்சாரமும் இல்லாத அந்நாட்களில், வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்ததும் அதனாலேயே. சுற்றும் வேலை எமக்கும் தம்பிக்கும் முறைவைத்து வரும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அதன் கரியரில் ஒரு மூடை அரிசியும் அதன்மேல் தம்பியும் இருந்தார்கள். அப்பா உருட்டினார், நாம் பின்னால் தள்ளினோம். அவர் மறைந்தபின் சட்டகம் பொருத்தில் முறிந்துபோயிற்று. தோல் இருக்கையும், மணியும், கரியரும், பற்சில்லுகளும் ஒரு மரப்பெட்டியில் எஞ்சியிருந்தன.

அந்தப் பெட்டியைத் திறந்தபோது, ஆசிரியப் புத்தி சும்மா இருக்கவில்லை. றலியின் பற்களை எண்ணினோம். முன்னே 44, பின்னே 18. அதன் சில்லு ஒருமுறை சுழன்றால் 2.23 மீற்றர் செல்லும். ஆகவே பெடலை ஒருமுறை மிதித்தால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நகரும். தம்பியின் வண்டியில் முன்னே 38, பின்னே 14. சில்லு ஒரு சுற்றுக்கு 2 மீற்றர். பெருக்கிப் பார்த்தால் 5.4 மீற்றர்! இருபத்தொரு கியர் வண்டியைக் குறைத்துக் குறைத்து, ஈற்றில் அப்பாவின் ஒற்றைக் கியருக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். நிமிடத்துக்கு அறுபது மிதி மிதித்தால் மணிக்குப் பத்தொன்பது கிலோமீற்றர். நீர்வேலியிலிருந்து கல்லூரிவரை அரைமணித்தியாலப் பயணம்.

ஆயினும் மற்றைய பின் கியர்களை நாம் விட்டுவிடவில்லை. வைகாசி தொடக்கம் புரட்டாதிவரை சோளகக் காற்று வீசும். காலையிற் பட்டினம் நோக்கிச் செல்பவனுக்கு அது நேர் முகத்தில் அறையும். இருபாலைக்கு அப்பால் வெளியான இடங்களிலே, மலை இல்லாத நாட்டில் காற்றே மலையாக எதிரே நிற்கும். அப்பொழுது பின்னே 18 அல்லது 20 பல்லுக்கு இறக்கிக்கொள்வோம். அப்பா அவ்விடத்தில் இறங்கி உருட்டியது எமக்கு நினைவிருக்கிறது. காற்றுக்காகவே ஹாண்டிலையும் அளவுக்கு மீறி உயர்த்தவில்லை. நிமிர்ந்திருப்பது முதுகுக்கு இதம். ஆனால் நிமிர்ந்த மார்பு காற்றுக்குப் பாய்மரம். தம்பி ஓட்டிய உயரத்துக்கு நான்கு விரல் மேலாக வைத்து, அகன்ற ஹாண்டிலின் இரு முனைகளிலும் ஓர் அங்குலம் அரிந்தோம். இருக்கை அப்பாவினுடையது. அதைப் புதிய தண்டிற் பூட்டக் கவ்வி தேடுவதில் திருத்துநருக்கு அரைநாள் கழிந்தது. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கரியரையும் அதே பெட்டியிலிருந்து எடுத்தோம். அதன் கால்கள் பெரிய சில்லுக்கு உரியவை; கொல்லரிடம் கொடுத்துக் குறுக்குவித்தோம். மலைவண்டியின் பின்னச்சு கைப்பிடியால் இறுக்குவது. அதிற் கரியரின் காலைக் கோத்தால் அச்சு பிடிப்பிழக்கும். நல்வாய்ப்பாகச் சட்டகத்தின் பின்மூலையில் இதற்கென மரையுடன் கூடிய துளைகள் இருந்தன. பெரும்பாலான மலைவண்டிகளில் அவை இருக்கும். சேறு அடைத்திருப்பதால் கண்ணிற் படுவதில்லை.

மட்காட்டைப்பற்றி ஒரு வரி போதும்: செம்மண் தெருவில் வெள்ளைச் சட்டையுடன் பாடசாலை செல்பவருக்கு அது ஆடம்பரமன்று.

இவ்வளவும் செய்த நாம் ஒன்றைச் செய்யத் தவறினோம். பிறேக் கட்டைகளை மாற்றவில்லை. பார்வைக்கு அவை தேயாமல் புதியனபோல இருந்தன. காய்ந்த வீதியிற் பிடித்தும் காட்டின. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் பழைய இறப்பர் கல்லாகிவிடுகிறது. மழைநீர் பட்டால் றிம்மில் வழுக்குமே அன்றிப் பற்றாது. கார்த்திகை மாதம், மாரி தொடங்கிய ஒரு காலை, பாடசாலைப் பிள்ளைகள் கூடும் சந்தியொன்றில் ஒரு சிறுமி குடையை முன்னே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தாள். இரண்டு பிறேக்கையும் இறுக அழுத்தினோம். வண்டி தன் பாட்டில் சென்றது. ஹாண்டிலைத் திருப்பி மதகுப் பக்கமாக வாய்க்காலில் விழுந்ததே மிச்சம். முழங்கையிற் சிராய்ப்பு; விடைத்தாள் கட்டு முழுவதும் சேறு. குடையை நிமிர்த்திப் பார்த்த பிள்ளை, "சேர், நோகுதா?" என்று கேட்டாள். அவளுக்கும் எமக்கும் இடையே இருந்த தூரம் இரண்டு முழம் இராது. வண்டி நல்லாய் ஓடவேண்டும் என்பதிலேயே மூன்று மாதங்கள் கண்ணாயிருந்தோம்; நிற்கவேண்டும் என்பதை எண்ணவில்லை. அன்று மாலையே நான்கு கட்டைகளும் பிறேக் கம்பிகளும் புதியனவாயின. முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவு அதற்குத்தான் ஆயிற்று. பழைய மலைவண்டியை எடுக்கும் எவரும் வேறெதையும் தொடுமுன் அதைச் செய்க.

பெற்றோல் திரும்பக் கிடைக்கத் தொடங்கிய பின்னும் நாம் அவ்வண்டியை விடவில்லை. மோட்டார் சைக்கிள் தூரப் பயணங்களுக்கு மாத்திரம் என்றாகிவிட்டது.

2024 இல் நல்லூர்த் திருவிழாவுக்குத் தம்பி வந்தான். வந்த மறுநாள் விடியற்காலையிலே அவனே வண்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினான். ஒருமணி நேரம் கழித்துத் திரும்பிவந்து படலையில் நின்று அப்பாவின் மணியை இருமுறை அடித்தான். இருக்கையைத் தடவிப் பார்த்தான். சட்டகத்தின் பச்சைப் பெயின்ற் அங்கங்கே உரிந்திருந்தும் நாம் அதைத் தொடாதிருந்ததைக் கவனித்திருப்பான், ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் தன் பழைய ரயர்கள் எங்கே என்று கேட்டான்.

அம்மா பின்பத்தியைக் காட்டினார். கழற்றிய ரயர்கள், சுருள்வில் கவை, பற்சில்லுகள் யாவும் ஒரு மூலையில் அடுக்கி, அதே சேலையாற் போர்த்தப்பட்டிருந்தன. "எறியட்டோ எண்டு கொண்ணன் கேட்டவன். நான் விடேல்லை" என்றார்.

அவை இப்பொழுதும் அங்கேயே இருக்கின்றன. வண்டியின் செயினைச் சென்ற கிழமை அளந்து பார்த்தோம். இருபத்துநான்கு கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்கவேண்டும். அதனை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கால் தாண்டிவிட்டது. இன்னும் தாமதித்தால் பின்பற்களையும் தின்றுவிடும். இந்த ஞாயிறு மாலை அதற்கென்று ஒதுக்கியுள்ளோம்.